உரலுக்குள் எதுவும் வரையவில்லை

உலக்கை இன்னும் மேலேயேதான் நிற்கிறது.

ஒருத்தியின் உலக்கை தலைக்கு மேலே. எதிரே நிற்பவளின் உலக்கை உரலுக்குள். இருவருக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மர உரல். கிரேக்க தேசத்துக் குயவன் ஒருவன் சிவப்புப் பானையின் வயிற்றில் கறுப்புக் களிமண் குழைத்துத் தீட்டிய பெண்கள். தீட்டினான், சூளையில் வைத்தான், செத்தும் போனான். அவன் பேசிய மொழிகூட மாறிப்போயிருக்கும். உலக்கை மட்டும் இறங்கவில்லை. எனக்கு அதைப் பார்த்தால் தோள் வலிக்கிறது.

மழைக்கு ஒதுங்கிய இடம் மலாக்கா பட்டணத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. கையில் கிடைத்ததைப் புரட்டினேன். பானைகள், பானைகள், பானைகள். போருக்குப் போகிறவர்கள், குதிரை ஓட்டுகிறவர்கள், சாய்ந்து படுத்துக் குடிக்கிறவர்கள். பக்கத்தைத் தள்ளினால் இவர்கள். மழை நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றேன். கடைக்காரச் சீனர் நாற்காலியை எடுத்துப் போட்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. புத்தகத்தை வாங்கி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாச்சாங் பஸ்ஸில் ஏறினேன்.

இப்போது அது என் அடுப்படியில் திறந்து கிடக்கிறது. நான் ஒரு வரி எழுதுகிறேன். எழுந்துபோய் அரிசி டின்னைத் திறந்து பார்க்கிறேன். மூடுகிறேன். மறுபடி ஒரு வரி. என் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. "அம்மா, அரிசி எங்கயும் ஓடிப் போகாது லா" என்கிறான் மூத்தவன். தலைமுடி நரைக்கத் தொடங்கிய பிறகும் எனக்கு அது ஓடிப் போகும் என்றுதான் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் சமைக்கிறவர்கள் தனிப் பானையில் இருக்கிறார்கள், தின்கிறவர்கள் தனிப் பானையில் இருக்கிறார்கள். ஒருவன் பெரிய மீனைக் கட்டையில் வைத்து வெட்டுகிறான். மீனின் தலை கீழே கிடக்கிறது. ஒருவன் முக்காலியில் ஏற்றிய அண்டாவுக்கு அடியில் விறகைத் தள்ளுகிறான். ஒருத்தி வட்டத் தொட்டியின் மேல் குனிந்து எதையோ பிசைகிறாள். சமைக்கிறவர்களில் ஒருவர் வாயிலும் ஒரு கவளம் இல்லை. வாயைத் திறந்தவர் யாருமே இல்லை. இதை முதலில் கவனித்தவர் என் அப்பா. அவர் பார்த்தது சுவரில்.

*

சுங்கை ரம்பாய்க்கு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தீம்பார், ரப்பர்த் தோட்டம். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு கடைசிக்கு முந்தினது. பலகைச் சுவர். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பக்கத்து வீட்டு விளக்கு தெரியும், பக்கத்து வீட்டுச் சண்டை தெளிவாகக் கேட்கும். அப்பா துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தார். துரையம்மா கழித்துப் போடும் படப் பத்திரிகைகளைக் கட்டாகத் தூக்கி வருவார். தாள் தாளாகப் பிரித்து, சோறு வடித்த கஞ்சியைத் தடவி, பலகைச் சந்துகளை மூடுவார். அந்தக் காலத்தில் எங்களிடம் கஞ்சி இருந்தது. சுவருக்குப் பூசுகிற அளவுக்கு இருந்தது.

அப்படி ஒட்டிய தாள் ஒன்றில்தான் இந்தப் பானை இருந்தது, பக்கத்திலேயே மீன் வெட்டுகிறவன் பானையும். அடியில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை அப்பா கத்தரித்துவிட்டார், பலகைக்கு அளவாக வராததால். அதனால் அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று சொல்ல யாரும் இல்லாமல் போனது. கறுத்த உடுப்பு, உரல், உலக்கை. அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

"நம்ம சனந்தான்" என்றார். "உலக்கையப் புடிச்சிருக்கிற புடியப் பாரு. நடுவுல சன்னமா, ரெண்டு முனையும் தடியா. சேலம் பக்கத்து உலக்கை."

"மூஞ்சியும் கையும் வெள்ளையா இருக்கே, அது எப்படியாம்?" என்றாள் அம்மா.

"பவுடர் பூசியிருக்காளுக. கல்யாண வீட்டு இடிப்பு."

"ஒரல் என்னா, இடுப்பு ஒசரத்துக்கு நிக்குது?"

"அது குனிய முடியாதவளுக ஒரல். ஒன்ன மாதிரி."

அம்மா கையிலிருந்த கரித்துணியை அவர்மேல் எறிந்தாள். அது படத்தின்மேல் பட்டு, மீன் வெட்டுகிறவன் தலையில் ஒரு கறை விழுந்தது. அந்தக் கறை கடைசிவரை இருந்தது.

பிறகு கம்பி வந்தது.

லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் காவல், சாயந்தரம் சங்கு ஊதினால் ஊரடங்கு. அதெல்லாம் பழகியது. மனுசனுக்கு எதுவும் பழகும். பழகாதது அரிசிச் சட்டம். வீட்டில் அரிசி இருக்கக் கூடாது. ஒரு பிடிகூட. அரிசியாக இருந்தால் யாராவது காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சோறாக இருந்தால் போய்ச் சேருவதற்குள் ஊசிவிடும். இதுதான் அவர்கள் யோசனை. எங்கள் எல்லோருக்குமாகப் பொதுக் குசினியில் பொங்கினார்கள். ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில், தனிக் கம்பிக்குள், தனிப் பூட்டுக்குள் அந்தக் குசினி. சட்டியைக் கொண்டுபோய் வரிசையில் நின்று சோறு வாங்கிவர வேண்டும். வீட்டில் தேத்தண்ணி போடலாம், குழம்பு வைக்கலாம். உலை வைக்க முடியாது.

சோதனைக்கு வந்தவர்கள் எங்கள் உலக்கையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று சொல்லவில்லை. இடிக்க எதுவும் இல்லாத வீட்டில் அவ்வளவு கனத்த தடி எதற்கு என்று நினைத்திருக்கலாம். மர உரல் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா அதன்மேல் உட்கார்ந்து வெயில் காய்வார். ஏனென்றால் அதற்குள் அவருக்கு மார்ச்சளி முற்றி, வேலைக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்.

"எல்லா உலக்கையையும் புடுங்கிட்டுப் போனானுக" என்பார், உள்ளே வந்து படுத்துச் சுவரைப் பார்த்தபடி. "இவளுகளது மட்டும் கண்ணுல படல பாத்தியா. இடிங்கடி, இடிங்க. சத்தம் வராம இடிங்க."

நான் அப்போது அந்தக் குசினியில் அரிசி கழுவுகிறவள். வயதுக்கு வந்து சில வருசம், கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து அப்பாவின் இருமலைக் கேட்டுத் திரும்பிப் போயிருந்தது. விடிந்ததும் கம்பி வாசலில் சோதனை, உள்ளே போனால் மூட்டை மூட்டையாக அரிசி. முழங்கை வரைக்கும் அரிசி. கழுநீர் வெள்ளையாகச் சாக்கடையில் ஓடும். வேலை முடிந்து வெளியே வரும்போது மறுபடி சோதனை: கொண்டை, இடுப்பு, முந்தானை முனை, நகக்கண். என் விரல்கள் ஊறி வெளுத்து, சுருங்கி, ஏதோ வெள்ளைக்காரிக் கிழவியின் விரல் மாதிரி ஆகிவிட்டன. அந்த விரல்களால்தான் வீட்டுக்கு வந்து அப்பாவின் நெஞ்சில் தைலம் தேய்ப்பேன்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. வரிசையில் நின்று வாங்கி, கம்பியைத் தாண்டி, வீடு வந்து சேரும்போது அது ஆறி விறைத்திருக்கும். அம்மா வெந்நீர் ஊற்றிக் கரைத்து மசித்துக் கொடுப்பாள்.

"இது என்னா?"

"கஞ்சி."

"கஞ்சியா இது? அரிசி கஞ்சியாகணும். சோறு கஞ்சியாகக் கூடாது. ஒருக்கா வெந்தவன மறுபடி வேகவைக்கிறது என்னாடி நியாயம்?"

"வேற என்னாதான் வேணும் ஒங்களுக்கு?"

"நொய்க் கஞ்சி. அரிசிய லேசா இடிச்சு, ஒடச்சு, அதுல ஒரு கஞ்சி. உப்புக்கூட வேணாம்." பிறகு சுவரைக் காட்டுவார். "அவளுககிட்டக் கேட்டு வாங்கியா. ஒரு கைப்பிடி நொய். இத்தன நாளா இடிக்கிறாளுக, ஒரு மனுசனுக்குக் குடுக்கக் காணோம். அவளுகளும் திங்கக் காணோம். மீன் வெட்டுறவனும் திங்கக் காணோம். எவனுக்குடி போவுது இதெல்லாம்?"

அம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அங்கே சிரிப்பு கேட்காது.

ஒரு கைப்பிடி. நான் நாள் முழுக்க அதற்குள்தான் கைவிட்டுக்கொண்டிருந்தேன். குசினிக் கணக்கு பார்க்கும் கிராணியிடம் கேட்டேன், நோயாளிக்கு என்று. ஒரு மணி அரிசிகூட வெளியே போகாது என்றார். குசினியிலேயே காய்ச்சித் தரட்டுமா என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே அண்டா என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தூக்கம் இல்லை என்று தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

அப்பா செத்த சேதி எனக்குக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

காலை வெயில் ஏறியிருந்தது. நான் தொட்டிக்குள் கை விட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அடியே! ஒங்கப்பா போயிட்டாருடி!"

என் கைகள் நிற்கவில்லை. அதுதான் இப்போதும் எனக்கு விளங்காதது. அரிசியைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

"ஒங்கம்மா சொல்லி அனுப்புச்சு" என்றாள் அத்தை. குரல் உடைந்து, மூச்சு வாங்கி, ஆனால் சேதியைச் சரியாகச் சொல்லவேண்டும் என்ற கவனத்தோடு. "வாய்க்கரிசிக்கு ஒரு பிடி கேட்டு வாங்கியாரணுமாம். சோறு வேணாமாம். அரிசி. அரிசின்னு அழுத்திச் சொல்லச் சொன்னுச்சு. பசியோட போனவருடி. வெறும் வாயோட அனுப்ப மாட்டேங்குது."

நான் ஈரக் கையோடு கிராணி முன்னால் போய் நின்றேன்.

"கேட்டேன்மா" என்றார், நான் வாயைத் திறப்பதற்குள். "கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. தொரை மலாக்காவுக்கு மீட்டிங் போயிருக்காரு. அவர் உத்தரவு இல்லாம என்னால முடியாது லா."

"எப்ப வருவாரு ஐயா?"

"சாயந்தரம் ஆகும். சங்கு ஊதுறதுக்கு முன்னாடி அடக்கத்த முடிச்சாகணும். நாளைக்கு வச்சிக்கலாம்னாலும் விடமாட்டாங்க."

"ஒரு பிடி ஐயா. நீங்களே ஆள் கூட அனுப்புங்க. வாயில போடுறத நின்னு பாக்கட்டும்."

"எங்க வீட்டுல சாவு விழுந்ததில்லையா? எனக்குத் தெரியாதா?" அவர் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சோறு தர்றேன். இப்பவே, முதல் அண்டாவுல. அதுவும் அரிசிதானேம்மா."

"செத்தவங்க வாயில சோறு போடுவாங்களா ஐயா?"

உயிரோடு இருப்பவருக்குச் சோறு, போகிறவருக்கு அரிசி. அது அவருக்கும் தெரியும். சோற்றை ஊட்டினால் அது போய் வா என்று அனுப்புவது ஆகாது. இரு, தின்னு, எழுந்திரு என்று சொல்வதாகிவிடும். எழுந்திருக்க முடியாதவரிடம் எப்படிச் சொல்வது?

"வீட்டுக்குப் போம்மா" என்றார். "இன்னிக்குப் பேர நான் போட்டுக்கிறேன்."

தொட்டிக்குத் திரும்பினேன், முந்தானையை எடுக்க. அண்டா கிண்டுகிற பெரியக்கா என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். பிறகு கரண்டியால் அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டி, "ஏண்டி எல்லாரும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடி புடிக்குது, அண்டாவப் பாருங்க!" என்றாள். எல்லா முதுகும் திரும்பியது. அடி எதுவும் பிடிக்கவில்லை.

நான் மூட்டைக்குள் கைவிட்டு, அள்ளி, வாயில் போட்டுக்கொண்டேன்.

வேறு எங்கே வைப்பது? உடம்பில் அவர்கள் தேடாத இடம் அது ஒன்றுதான் மிச்சம். சின்ன வயதில் அரிசியை மென்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று அம்மா அடிப்பாள். இப்போது உயிரோடு இருக்கிறவள் வாயில் வாய்க்கரிசி. பல்லைக் கடித்துக்கொண்டேன். எச்சில் ஊறியது. ஊறினால் அரிசி உப்பும். கன்னத்துக்கு ஒதுக்கி, மூக்கால் மூச்சு விட்டு, செம்மண் பாதையில் வாசலுக்கு நடந்தேன். அழுகை வந்தது. வாயைத் திறக்காமல் அழுவது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

*

குசினிக் கம்பி வாசலில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சோதனைக் குடிசை. பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு மலாய்க்கார அம்மா உண்டு. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க் கிராமத்திலிருந்து, வருகிறவள். வெளியே பெஞ்சில் துப்பாக்கியோடு காவல்காரன்.

மக்சிக் கொண்டையை அவிழ்த்தாள். முந்தானையை உதறினாள். இடுப்பைத் தடவினாள். நகத்தைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் அழறே?" என்று மலாயில் கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

"வாய் இல்லையா? சொல்லு."

இன்னும் ஆட்டினேன். பெஞ்சில் இருந்தவன் திரும்பினான். துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்தான், சும்மா எழுந்திருப்பதற்காகத்தான், ஆனால் எடுத்தான்.

"புக்கா மூலூட்" என்றாள் மக்சிக். வாயைத் திற.

நான் விழுங்கினேன்.

மெல்லாத அரிசி தொண்டையில் மணலாக இறங்கியது. கண் பிதுங்கியது. அப்பாவின் அரிசி, அம்மா அழுத்திச் சொல்லி அனுப்பிய அரிசி, பெரியக்கா முதுகைத் திருப்பிக் கொடுத்த அரிசி, என் வயிற்றுக்குள் போயிற்று. வாயைத் திறந்தேன். மக்சிக் ஒரு விரலை உள்ளே விட்டு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரே ஒரு மணியை நகத்தால் நெம்பி எடுத்தாள். பார்த்தாள். என்னையும் பார்த்தாள். காவல்காரன் வாசலுக்கு வருவதற்குள் அதைச் சுண்டிவிட்டாள். குடிசைக்கு வெளியே ஒரு கோழி ஓடிவந்து கொத்திக்கொண்டது.

"ஒன்றுமில்லை" என்றாள் அவனிடம். என்னிடம் பல்லுக்குள், "போடோ" என்றாள். முட்டாள்.

போகச் சொன்னாள். என்னால் போக முடியவில்லை. இப்போதுதான் பேச வாய் இருந்தது. அப்பா செத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன். அவள் முகம் மாறியது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் வெள்ளையாகப் பூச்சு. வெயிலுக்குக் குளிர்ச்சி என்று மலாய்க்காரப் பெண்கள் தடவுகிற பெடாக். வேர்வையில் அங்கங்கே உதிர்ந்து திட்டுத்திட்டாக. எங்கள் சுவரில் உலக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் முகமும் அப்படித்தான் திட்டுத்திட்டாக இருக்கும்.

பெடாக் அரிசி. எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அரிசியைப் புளிக்கப் புளிக்க ஊறவைத்து, அரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு வெயிலில் காயவைப்பார்கள். வேகவைப்பதில்லை. குசினிக் கம்பிக்கு வெளியே வேகாத அரிசி இருந்த ஒரே இடம் அந்த அம்மாவின் கன்னம்.

"மக்சிக்" என்றேன். "பெடாக். கொஞ்சம்."

"என்ன?"

"அப்பாவுக்கு."

அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. பிணத்தின் முகத்துக்குப் பூசுவது எங்கள் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். குடிசை மூலையில் ஒரு சின்ன போத்தல் இருந்தது. என் உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினாள். வெள்ளை வெள்ளையாக, மிளகு அளவில், மல்லிகை வாசத்தோடு.

காவல்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன அது?"

"பெடாக் லா" என்றாள்.

அவன் சிரித்தான். "அப்பன் செத்துக் கிடக்கான், மகளுக்கு அழகு கேக்குதோ?"

அது சட்டத்தில் இல்லாத பொருள். நான் அதைத் திறந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வாசலைத் தாண்டினேன். யாரும் தடுக்கவில்லை.

*

அப்பாவைச் சுவரோரம் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. மேலே அந்தத் தாள், கறையோடு. அம்மா என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"கொண்டாந்தியா?"

விரித்துக் காட்டினேன்.

"என்னாடி இது, மாத்திரையா?"

"அரிசிம்மா. ஊறவச்சு அரைச்சது. மக்சிக் மூஞ்சியில பூசுறது."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். "ஏண்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்றாள் அத்தை. "மூஞ்சிப் பவுடர செத்த மனுசன் வாயில போடுறதா?" கதவருகே நின்ற கங்காணி, "வேணாம்மா, குத்தமாயிரும், வெறும் துளசித் தண்ணியோட அனுப்பிரலாம்" என்றார்.

அம்மா ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது. நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"பச்சரிசி" என்றாள். "வேகல. அரிசிதான்."

"வாசம் அடிக்குதே அண்ணி."

"அடிக்கட்டும். அந்த மனுசன் மேல இத்தன நாளா தைல வாசம்தான அடிச்சுது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "குசினி அரிசி?"

"வாயில வச்சுக் கொண்டாந்தேம்மா. வாசல்ல தொறக்கச் சொன்னாங்க. முழுங்கிட்டேன்."

அம்மா கையை நீட்டி என் வயிற்றைத் தொட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "சரி" என்றாள். "வீட்டுக்குள்ளதான வந்துருக்கு."

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, கடைசியில் அந்த நேரம் வந்தது. அம்மா வெள்ளை மணிகளை உள்ளங்கையில் நசுக்கி நொறுக்கினாள். போட்டாள். நான் போட்டேன். அவ்வளவுதான் இருந்தது. அப்பாவின் உதட்டில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டது. உடைத்த அரிசி. அவர் கேட்டது நொய்தான். அம்மாவுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையைத் திரும்ப எடுக்க முடியாமல் அந்த வாயருகே வைத்துக்கொண்டு இருந்தாள். பிடித்துத் தூக்கவேண்டியதாயிற்று.

மற்றவர்கள் தயங்கி நின்றார்கள். வரிசையில் அடுத்தவள் அத்தை. போடுவதற்கு எதுவும் இல்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். வெறும் கையை மூடினாள், உள்ளே ஏதோ இருப்பது போல, சிந்திவிடும் என்ற பயத்தோடு இறுக்கமாக. குனிந்தாள். வாய்க்கு மேலே விரலைத் திறந்தாள். எதுவும் விழவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் எல்லோரும் அப்படியே செய்தார்கள். பெரியவர்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள், வேண்டாம் என்று சொன்ன கங்காணியும். மூடிய கை, குனிந்த முதுகு, திறக்கும் விரல். அரிசி மட்டும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவசரப்படவும் இல்லை. அந்தக் கைகள் ஒவ்வொன்றாகக் காற்றில் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரிசி கழுவி வெளுத்த என் கையையும் சேர்த்து, ஒரு பானையைச் சுற்றி யாரோ எங்களை வரைந்துவிட்டதுபோல.

சங்கு ஊதுவதற்கு முன்னால் புதைத்துவிட்டுத் திரும்பினோம். கூட வந்த காவல்காரர்கள் ரப்பர்ப் பால்மரத்துக்கு அடியில் நின்று சிகரெட் குடித்தார்கள்.

*

புத்தகத்தில் வண்ணம் தெளிவாக இருக்கிறது. உரலின் வாய் இரண்டு கோடு. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உள்ளே நெல் இல்லை, கோதுமை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. அந்தக் குயவன் கையை வரைந்தான், முதுகை வரைந்தான், உலக்கையை வரைந்தான், உடுப்பின் மடிப்பைக்கூட ஊசியால் கீறினான். எதற்காக அத்தனையும் நடக்கிறதோ அதை விட்டுவிட்டான். உரலுக்குள் பார்க்க முடியாதுதானே, பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று என் மகன் சொல்கிறான். சரிதான். நான் அன்றைக்கு அப்பாவின் வாய்க்கு நேர் மேலே குனிந்து பார்த்தவள்.

ஒன்றை எழுதாமல் எழுந்துபோக முடியாது. அன்று சாயந்தரம், குசினியிலிருந்து எங்கள் வீட்டுச் சோறு வந்தது. சாவு வீடு என்று பெரியக்கா வாசல் வரைக்கும் ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பங்குப் பட்டியலில் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை. அப்பாவின் பங்கும் அதில் இருந்தது.

அம்மா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அத்தை வாங்கி வைக்கக் கை நீட்டினாள், கொடுக்கவில்லை. பிறகு தின்னத் தொடங்கினாள். அவள் பங்கை, அவர் பங்கை. குழம்பு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், ஆறி விறைத்த சோற்றை உருட்டி உருட்டி, தொண்டை அடைக்க அடைக்க. போதும்மா என்றேன். கேட்கவில்லை. சட்டியை விரலால் வழித்து முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள்.

சுவரில் இருவரும் அப்படியே நின்றிருந்தார்கள்.

"நிறுத்துங்கடி" என்றாள் அம்மா அவர்களிடம். "கேட்ட ஆளு போயாச்சு."